சாங்கி சிறையில் ஜொகூர்ச் சிறுமி தைத்த பூக்கள்

ஓல்கா மோரிஸ் ஜொகூர் பாருவில் வளர்ந்த சிறுமி. 1942இல் அவளுக்கு ஏறக்குறைய பத்து வயது. ஜப்பானியப் படை வடக்கிலிருந்து இறங்கி வந்தபோது, ஜொகூரில் இருந்த ஐரோப்பியக் குடும்பங்கள் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு ஓடின. ஓல்காவின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. ஜனவரி 31ஆம் நாள் பின்வாங்கிய படையினர் ஜொகூர் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. மார்ச் மாத வெயிலில் பெண்களும் பிள்ளைகளும் மூட்டை முடிச்சுகளோடு சாங்கி சிறைச்சாலைக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள்.

அந்தச் சிறை 600 கைதிகளுக்காகக் கட்டப்பட்டது. அதில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டனர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் பிள்ளைகளும் மறுபக்கம். கணவன் மனைவி பேசிக்கொள்ளக் கூடாது. பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டுத் திடல் இல்லை, வயிறு நிறையச் சோறும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஓல்காவும் அவளுடைய தோழிகள் ஏறக்குறைய இருபது பேரும் ஒரு போர்வை தைத்தார்கள். அது இன்று லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

போர்வை என்றால் கடையில் மடித்து வைத்து விற்கிறார்களே, அந்தப் போர்வை அன்று. சின்னச் சின்னத் துண்டுத் துணிகளை ஒன்றோடு ஒன்று கைத்தையலால் இணைத்துச் செய்வது. ஆங்கிலத்தில் குயில்ட் என்பார்கள். நாம் ஒட்டுப்போர்வை என்று சொல்லலாம்.

வெள்ளிக்கிழமைப் பட்டாசு இல்லை, வாரம் ஒரு கூட்டம்

சிறைக்குள் எலிசபெத் என்னிஸ் என்ற இளம் தாதி இருந்தார். சிங்கப்பூர் வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் அவருக்குத் திருமணம் நடந்திருந்தது. கணவர் வேறு முகாமில். தன் கவலையே மலையளவு இருக்கும்போது, அவர் சுற்றித் திரிந்த பிள்ளைகளைக் கவனித்தார். எட்டு வயது முதல் பதினாறு வயது வரையிலான சிறுமிகளைக் கூட்டிச் சாரணியர் குழு ஒன்றைத் தொடங்கினார். நம் பள்ளிகளில் இன்றும் சீருடை இயக்கமாக இருக்கும் ‘பாண்டு புத்ரி’ அமைப்பின் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். கொடியும் கிடையாது, சீருடையும் கிடையாது. சிறை முற்றத்தின் ஒரு மூலையில் வாரம் ஒருமுறை கூடுவார்கள். அவ்வளவுதான்.

கேட்பதற்குச் சின்னச் செயலாகத் தெரியலாம். ஆனால், நாளைக்கு என்ன நடக்கும் என்று எவருக்கும் தெரியாத இடத்தில், ‘அடுத்த வாரம் இதே நாளில் கூடுவோம்’ என்று ஒருவர் சொல்வது சாதாரணக் காரியம் இல்லை. எஸ்.பி.எம். முடிந்து முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் நாள் எது கிழமை எது என்று தெரியாமல் போகும் பிள்ளைகளுக்கு இதன் அருமை கொஞ்சம் புரியும்.

தங்கள் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசு கொடுக்க வேண்டும் என்று அந்தச் சிறுமிகள் முடிவு செய்தார்கள். அதுவும் அவருக்குத் தெரியாமல். கையில் காசில்லை, கடையும் இல்லை. கிடைத்ததெல்லாம் கிழிந்த உடுப்பும் துண்டுத் துணியும்தான். ஒவ்வொருத்தியும் துணியை அறுகோணமாக வெட்டி, ஒன்றைச் சுற்றி ஆறு வைத்துப் பூவாகத் தைத்தாள். தைத்தவர்கள் தங்கள் பெயர்களை அதில் நூலால் எழுதினார்கள். நூலுக்குப் பஞ்சம். நைந்த துணியிலிருந்தே நூலைப் பிரித்தெடுத்தார்கள். காவலர் வரும் அரவம் கேட்டால் வேலையை ஒளித்து வைப்பார்களாம். ஓல்கா முதுமையில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

பிள்ளைகளில் எத்தனை பேருக்கு முன்பே தையல் தெரிந்திருக்கும்? எட்டு வயதுப் பிள்ளைக்கு ஊசியில் நூல் கோக்கவே ஒருத்தி வேண்டும். தெரிந்தவள் தெரியாதவளுக்குக் காட்டிக்கொடுத்தால்தான் இருபது பேர் சேர்ந்து ஒரு போர்வையை முடிக்க முடியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் எப்படி ஊசியைப் பிடிக்கிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக் கற்பதுதான் இந்தக் கலையின் பாடத்திட்டம்.

ஆறு அங்குலத்தில் ஒரு செய்தி

அதே சிறையில் பெரியவர்களும் போர்வை தைத்தார்கள். அதற்கு முன்னின்றவர் எத்தெல் மல்வானி. கனடாவைச் சேர்ந்தவர்; செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் பணியாற்றியவர். அவர் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறு அங்குலச் சதுரத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்தார். அதில் உங்கள் பெயரையும் உங்களைப் பற்றிய ஏதாவது ஒன்றையும் தைத்துத் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். இப்படிச் சேர்ந்த சதுரங்களை 66, 66 ஆக இணைத்து மூன்று போர்வைகள் உருவாயின. ஒன்று காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு. மூன்றாவது யாருக்குத் தெரியுமா? காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு!

அடைத்து வைத்தவனுக்கே போர்வையா என்று கேட்கலாம். அதில் இரக்கமும் இருந்தது, சாமர்த்தியமும் இருந்தது. ஜப்பானியருக்கும் ஒன்று என்று வைத்ததால் மற்ற இரண்டும் ஆண்கள் இருந்த முகாமின் மருத்துவமனைக்குப் போக வழி பிறந்தது. ஜப்பானியப் போர்வையின் பின்புறத்தில் தைத்திருக்கும் ஆண்டு 1942 இல்லை, 2602. அது ஜப்பானிய நாள்காட்டியின் கணக்கு.

சதுரங்களில் பூக்கள் இருந்தன, வீடுகள் இருந்தன, பிறந்த நாட்டின் அடையாளங்கள் இருந்தன. ஷீலா ஆலன் என்ற இளம்பெண் ஆஸ்திரேலியாவின் வரைபடத்தைத் தைத்தார். அப்போது அவருக்குப் பதின்பருவம் முடியவில்லை. இன்றைய படிவம் ஆறு மாணவியின் வயது. தந்தை ஆஸ்திரேலியர். தாம் அதுவரை கண்ணால் காணாத தந்தை நாட்டின் வடிவத்தை அவர் ஊசியால் வரைந்தார். சிறையில் எழுதிய நாள்குறிப்பைப் பின்னாளில் நூலாகவும் வெளியிட்டார்.

இந்தப் போர்வைகளில் ரகசியச் சங்கேதங்கள் இருந்தன என்று கதை கட்டுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுவருக்கு அப்பால் இருக்கும் கணவனுக்கு மனைவியின் பெயர் ஒன்று போதாதா? அவள் உயிரோடு இருக்கிறாள், ஊசி பிடிக்கும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள் என்று அந்தப் பெயரே சொல்லிவிடுமே. ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் இப்போது கன்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் போர்வை லண்டனில், பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது.

கந்தை என்றால் கேவலமா?

நம்மவர்களுக்குக் ‘கந்தை’ என்றாலே முகம் சுளிக்கும். கந்தல், கிழிசல், இல்லாமை. ஆனால், இதே சொல்லின் உறவுக்காரச் சொல்தான் வங்காளத்தில் ‘காந்தா’ என்று வழங்குகிறது. பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நூலோட்டத் தையலால் இணைத்து, அந்தத் தையலையே பூவும் பறவையுமாக மாற்றிவிடுவார்கள் வங்காளத்துப் பெண்கள். இன்று காந்தா சேலை என்றால் விலையைக் கேட்டு மயக்கம் வரும். நாம் இல்லாமையாகப் பார்த்ததை அவர்கள் கலையாகப் பார்த்தார்கள்.

கர்நாடகத்தில் சித்தி என்ற சமூகத்தினர் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் வீட்டில் ‘கவந்தி’ என்ற ஒட்டுப்போர்வை உண்டு. ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவார்கள். கடைசியில் நான்கு மூலைகளிலும் ‘பூ’ என்று சொல்லி முக்கோணத் துணி மடிப்புகளை வைப்பார்கள். பூ வைக்காத போர்வை அவர்களுக்கு உடுப்பில்லாத பிள்ளை மாதிரி.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர் வாழும் ஊர். அங்குள்ள பலருடைய குடும்பப் பெயரே பழைய தோட்ட முதலாளியின் பெயர்தான். அந்த ஊர்ப் பெண்கள் வேலை உடுப்புகளையும் நைந்த ஜீன்ஸ் துணிகளையும் வெட்டிப் போர்வை தைத்தார்கள், குளிருக்காக. 1966இல் அப்பகுதிப் பெண்கள் கூட்டுறவு ஒன்றை அமைத்து அவற்றை விற்கத் தொடங்கினார்கள். 2002இல் அந்தப் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலைகளாகவே வெளியிட்டது. தோட்டப்புறத்தில் வேர் உள்ள நமக்கு அந்த ஊர் ஏனோ பக்கத்து ஊர் போலத் தெரிகிறது.

கணிதப் பாடம் கைக்கு வரும் நேரம்

சரி, நீங்கள் தொடங்குவதானால் எப்படி? சாங்கிச் சிறுமிகளின் அதே அறுகோணத்திலிருந்தே தொடங்கலாம். தையல் இயந்திரம் வேண்டாம்.

முதலில் ஒரு கேள்வி. ஏன் அறுகோணம், ஏன் ஐங்கோணம் இல்லை? ஒழுங்கு ஐங்கோணத்தின் ஒரு கோணம் 108 பாகை. மூன்றை ஒரு புள்ளியில் சேர்த்தால் 324. மீதி 36 பாகைக்கு ஓட்டை விழும். அறுகோணத்தின் கோணம் 120. மூன்று சேர்ந்தால் மிகச் சரியாக 360. ஒழுங்குப் பல்கோணங்களில் முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே, அந்த ஒரே வடிவத்தை வைத்து இடைவெளி இல்லாமல் தரையை நிரப்பும் குணம் உண்டு. தேனீக்கு இது தெரியும். ஊசி பிடிக்கும் பாட்டிக்கும் தெரியும்.

கவராயத்தை 3 செண்டிமீட்டர் விரித்து ஒரு வட்டம் வரையுங்கள். அதே அளவை மாற்றாமல் வட்டத்தின் விளிம்பில் சுற்றிவரக் குறித்தால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். இணைத்தால் அறுகோணம். இதை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, பழைய பயிற்சித் தாள்களில் ஏழு படி எடுங்கள். எஸ்.பி.எம். மாதிரித் தேர்வுத் தாள் இதற்கு மிகப் பொருத்தம். தடிமனும் சரியாக இருக்கும், பழிவாங்கிய திருப்தியும் கிடைக்கும்.

துணியைத் தாளைவிடச் சுற்றிலும் அரை செண்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டுங்கள். அந்தக் கூடுதல் விளிம்பைத் தாளின் மேல் மடித்து, பெரிய பெரிய தையலாக நூலோட்டம் போடுங்கள். இது தற்காலிகத் தையல், பிறகு பிரித்துவிடலாம். இப்படி ஏழு தயாரானதும், இரண்டை நல்ல பக்கம் நல்ல பக்கமாகச் சேர்த்து, விளிம்பில் மட்டும் ஊசி ஏற்றி நெருக்கமாகச் சுற்றித் தைக்க வேண்டும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. எல்லாப் பக்கமும் மூடியதும் தாளை உருவிவிடலாம். அடுத்த சுற்று வேண்டுமென்றால் 12 வேண்டும், அதற்கடுத்தது 18. மொத்தம் 1, 7, 19, 37 என்று ஏறிக்கொண்டே போகும்.

நான் முதலில் தைத்த பூவுக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. அதிலும் ஓர் இதழ் குட்டை. காரணம், நூலை இரண்டு கை நீளத்துக்கு வெட்டிக்கொண்டு, அது சிக்கலாகி, ஆத்திரத்தில் துணியை இழுத்ததுதான். நூல் முழங்கை அளவு இருந்தால் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுப் பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை அலசிக் காயவைத்துவிடுங்கள். இல்லையென்றால் போர்வையைத் துவைக்கும் நாளில் ஒரு துண்டு சுருங்கும், சிவப்பு பாத்தேக் சாயம் பக்கத்து வெள்ளைக்கு ஓடும். அம்மாவின் நைலெக்ஸ் சேலைப் பக்கம் சூடான இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பூக்களைச் சேர்த்துவிட்டால் போர்வை ஆகிவிடாது. அது மேல்துணி மட்டும்தான். அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சுத் தாளோ பழைய கம்பளியோ, மேலே உங்கள் பூக்கள். மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல் விழுந்த பிறகுதான் அது குயில்ட். இந்தக் கடைசி வேலையை ஒருவர் தனியாகச் செய்வது சிரமம். தரையில் விரித்து நான்கு பக்கமும் ஆள் உட்கார்ந்தால் சீக்கிரம் முடியும். உட்கார்ந்தால் பேச்சு வரும். கண் ஊசியில் இருப்பதால், முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத விஷயங்கள்கூட வாயில் வந்துவிடும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம். ஆண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் ஊர்த் தையல் கடைகளில் சட்டை தைப்பவர்கள் யார் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஜொகூரில் துணிக்கா பஞ்சம்?

நம் மாநிலத்தில் பத்து பகாட் என்றாலே துணி ஆலையும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையும் நினைவுக்கு வரும். ஜொகூர் பாருவின் ஜாலான் உங்கு புவான் பக்கம் போனால் சேலைக் கடைகள். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முந்திய வாரங்களில் எந்தத் தையல் கடையின் தரையைப் பார்த்தாலும் வெட்டிய துண்டுகள் குவிந்து கிடக்கும். மலாய்க்காரர்கள் இதைக் ‘கைன் பெர்ச்சா’ என்பார்கள். மரியாதையாகக் கேட்டால் ஒரு பை நிறையக் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்கும் குப்பை மிச்சம்.

கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் முதலில் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் தேடுங்கள். ‘கெமாஹிரான் ஹிடுப்’ பாடத்தில் ஊசி பிடித்த அம்மாக்களும் அத்தைகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மக் சிக் ஒருவரிடம் பாஜு குரோங் தையல் கற்ற அக்கா ஒருத்தியாவது உங்கள் தாமானில் இருப்பார். முறையாகப் படிக்க விரும்பினால், பாசிர் கூடாங், லேடாங் போன்ற இடங்களில் உள்ள சமூகக் கல்லூரிகளில் பொதுமக்களுக்கான குறுகிய காலப் பயிற்சிகளை விசாரிக்கலாம். பள்ளியில் சாரணியர் இயக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் ஆசிரியரிடம் இதை ஒரு திட்டமாக முன்வைக்கலாம். சாங்கிக் கதையைச் சொன்னால் மறுக்கமாட்டார்.

எழுதப்படாத பெயர்கள்

சாங்கியில் அந்தப் பெண்கள் பெயர் தைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஜொகூர்த் தோட்டங்களில் என்ன நடந்தது? துணிப் பஞ்சத்தில் சாக்கைப் பிரித்து உடுத்தியவர்கள் கதையை உங்கள் கொள்ளுப் பாட்டி காலத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். ஏராளமானோர் திரும்பவில்லை. போர்க் கைதிகளாக இருந்த வெள்ளைக்கார வீரர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது, கல்லறையும் இருக்கிறது. நம்மவர்களில் பெரும்பாலோரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

ஆறு அங்குலத் துணியில் பெயர் தைத்த பெண்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவுதான் வருகிறது. அவர்கள் பட்ட துன்பம் குறைவில்லை. ஆனால், எண்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தத் துணியைப் பார்த்து, இந்தச் சதுரம் இன்னாருடையது என்று சொல்ல முடிகிறது. நம் குடும்பங்களில் சயாமுக்குப் போன தாத்தாவின் அண்ணன் பெயரைக் கேட்டால், ‘என்னவோ சொல்வார்களே’ என்று யோசிக்கிறோம்.

இதைப் போர்வையாகச் செய்தால் என்ன? ஒரு பள்ளியில் முப்பது மாணவர்கள் சேர்ந்தால் முப்பது பூக்கள். நடுவில் உள்ள அறுகோணத்தில் குடும்பம் வாழ்ந்த தோட்டத்தின் பெயர்: மெங்கிபோல், லம்பாக், உலு ரெமிஸ், தெப்ராவ், உலு திராம், ரெங்கம். சுற்றியுள்ள ஆறில் அந்தக் குடும்பத்தில் நினைவில் நிற்கும் ஆறு பேர். பால்மரம் வெட்டியவர், சயாம் போனவர், பிள்ளை பராமரிப்புக் கொட்டகையில் ஆயாவாக இருந்தவர், யாராக இருந்தாலும் சரி. பெயரைப் பென்சிலால் எழுதி அதன்மேல் தைக்க வேண்டும். தமிழ் எழுத்தின் சுழிகளுக்குச் சங்கிலித் தையலைவிடப் பின்தையல் எளிது. ‘ணை’, ‘ளை’ வந்தால் கொஞ்சம் பொறுமை தேவை.

துணி வாங்காதீர்கள். அந்த வீட்டுத் துணியாகவே இருக்கட்டும்: தாத்தாவின் சாரோங், பாட்டியின் சுங்குடி, அப்பாவின் பழைய பள்ளிச் சட்டை. பருத்தியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தின் பெயரைப் பாட்டியிடம் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நிர்வாகப் பலகையில் எழுதியிருந்தது ஒரு பெயராக இருக்கும், நம் மக்கள் வாயில் புழங்கியது வேறு பெயராக இருக்கும். எதைத் தைப்பது என்று பாட்டியே சொல்லட்டும். இரண்டையும் தைக்கச் சொன்னால், நடு அறுகோணத்தைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள ஆறையும் அதே அளவுக்குப் பெரிதாக்க மறக்க வேண்டாம்.